வாய் இல்லாத குரல்

செருப்பை உள்ளேயே கழற்றிவிடு கண்ணு. வெளியே விட்டால் கீழ் வீட்டு நாய் ஒற்றைச் செருப்பாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடும். வா, ஃபேனுக்குக் கீழே உட்கார். கதவைச் சாத்திக்கொள்கிறேன், தப்பாக நினைக்காதே. ஆற்காடு ரோட்டுச் சத்தம் மொத்தமும் இந்த மாடிக்குத்தான் ஏறி வரும். மேல் தாழ்ப்பாளையும் போட்டால்தான் இந்தக் கதவு ஒழுங்காக உட்காரும். பழைய மரம்.

ஃபோனைக் கொடு, ஃபிரிட்ஜ் மேல் வைக்கிறேன். குரல் பதிவு நடக்கிற இடத்தில் கையில் ஃபோன் கூடாது. எங்கள் சவுண்ட் என்ஜினியர் எட்வின் சார், எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் பேஜரை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வார். இதுதான் மைக்கா? முந்தானையில் எறும்பு ஏறின மாதிரி இருக்கிறது. இதிலேயே எல்லாம் பதிவாகிவிடுமா? சிவப்பு விளக்கு எரிகிறது பார். எரியட்டும்.

கீழே வெள்ளைக் காரில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார்களே, உன்னோடு வந்தவர்களா? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேலே கூட்டி வந்திருக்கலாமே. சரி, வேண்டாம். கூட்டம் சேர்ந்தால் பேச்சு சிதறும்.

உன் பேர் ரிஸ்வானா என்றாய் இல்லையா? நல்ல பேர். என் பேர் குணவதி. டப்பிங்கில் குணா என்றால்தான் தெரியும். உன் சேனலில் ‘பாதாளக் கிரகம்’ நாலாம் பாகத்தைப் பற்றிப் பேசியிருந்தாயே, அது மோசமான படம் இல்லை, நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று, அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒருத்தி சொன்னாளே! அதிலும் பேசுகிற அந்தக் கதவின் தமிழ்க் குரல் யாருடையது, படத்தில் பேரே போடவில்லையே என்று கேட்டாய் பார், அப்போது என் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆமாம், பெண் இருக்கிறாள். சௌமியா. உள்ளே இருக்கிறாள். உடம்பு சரியில்லை. படத்தைப் பற்றிக் கேள்.

அந்தக் கிரகத்துப் படம் மொத்தம் எத்தனை வந்தது என்று எனக்கே தெரியாது. முதல் படத்தில் ஒரு பிராணி. இரண்டாவதில் அதன் புருஷன். மூன்றாவதில் குட்டிகள். இப்போதும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதாம், பிராணியின் பேரன் பேத்தியாக இருக்கும். நான் அப்போது கூட்டத்துக்குக் குரல் கொடுக்கிறவள். படத்தில் ஜனங்கள் ஓடினால், அலறினால், அழுதால் நாங்கள் நாலைந்து பேர் மைக்கைச் சுற்றி நின்று அலறுவோம். நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். நீளமாக வசனம் கொடுத்தால் தடுக்கும். கத்துவதற்குப் படிப்பு வேண்டாமே. முதல் மூன்று பாகத்திலும் செத்தவர்களில் பாதிப் பேர் நான்தான்.

நாலாம் பாகத்தில் பிராணியே வராது. அதுதான் அந்தப் படத்தின் மேல் இருக்கிற குற்றச்சாட்டு. போஸ்டரில் பல்லைப் போட்டுவிட்டுப் படத்தில் பல்லைக் காட்டவில்லை என்றால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? கதை என்னவென்றால், அந்தக் கிரகத்தில் மண்ணுக்குக் கீழே ஒரு பெரிய பதுங்குமிடம். மேலே சிவப்புக் காற்று. பட்டால் தோல் உரியும். கீழே கொஞ்சம் பேர் வருஷக்கணக்காக இருக்கிறார்கள். மேலே போக ஒரே கதவு. அந்தக் கதவுக்கு ஒரு குரல். பெண் குரல். உருவம் கிடையாது. அங்கேயே பிறந்து வளர்ந்த ஏரா என்று ஒரு பெண், காற்று எப்போதோ நின்றுவிட்டது, என்னை வெளியே விடு என்று கதவோடு சண்டை போடுகிறாள். கதவு விடாது. அவ்வளவுதான் படம். ஒரு பெண், ஒரு கதவு.

கதவுக்குப் பேச இருந்த பெரிய குரல்காரம்மாவுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டிவிட்டது. எட்வின் சார் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார்.

“குணா, இன்னிக்கு நீ கதவு.”

“கதவா? கதவு கிரீச்சுனு தானே சார் கத்தும்?”

“இது பேசற கதவு. வா, வா, நேரமாகுது.”

தமிழில் வசனம் எழுதினவர் தணிகைமலை சார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே எழுதுவார். அவருக்கு அந்தக் கதவு பெரிய விடுதலை. ஏன் தெரியுமா? மற்றவர்களுக்கு வாய் இருக்கிறது. வெள்ளைக்காரன் வாய் எப்போது திறக்கிறதோ அப்போதுதான் தமிழும் திறக்க வேண்டும், அது மூடினால் நாமும் மூட வேண்டும். கதவுக்கு வாய் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், எப்போது வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் இங்கிலீஷில் அது ஒற்றை வார்த்தைதான் பேசும். அந்தப் பெண் பக்கம் பக்கமாக அழுவாள், இது ‘நோ’ என்னும். அப்புறம் வெகு நேரம் சத்தமே இருக்காது. எனக்கு அது பொறுக்கவில்லை.

“ஏன் சார், பொண்ணு ஒண்ணு வெளிய போறேன்னு அழுதுகிட்டு நிக்குது. இப்படித்தான் முடியாதுன்னு மொட்டையா சொல்லுவாங்களா?”

“வேற எப்படிம்மா சொல்லுவாங்க?”

“சாப்பிட்டியான்னு கேப்பாங்க.”

ஸ்டூடியோவே சிரித்தது. தணிகைமலை சார் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “இன்னும் என்ன கேப்பாங்க, சொல்லு” என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். சாப்பிட்டாயா. ராத்திரி தூங்கினாயா. வெளியே காற்று, உனக்குத் தாங்காது. நான் சொன்னால் உன் நல்லதுக்குத்தான் இருக்கும். முகத்தைத் துடைத்துக்கொள். அந்தச் சத்தமில்லாத இடம் எல்லாவற்றையும் நாங்கள் இரண்டு பேரும் நிரப்பினோம். நீ உன் வீடியோவில் சொன்னாயே, இங்கிலீஷில் அந்தக் கதவு ஒரு ஜெயிலர் மாதிரி இருக்கிறது, தமிழில்தான் கேட்கும்போது வயிறு கலங்குகிறது என்று. அது நான் கண்ணு. கலங்குகிறது என்றால் நல்ல அர்த்தத்தில்தானே சொன்னாய்?

அது ஒன்றுமில்லை. குழாய். தண்ணீர் வருகிற நேரத்தில் அப்படித்தான் தட்டுகிற மாதிரி கேட்கும்.

இரு, முக்கியமான இடத்தை விட்டுவிட்டேன். கடைசியில் அந்தக் கதவு திறக்கச் சம்மதிக்கும். ஏரா வாசலில் நின்று திரும்பிப் பார்த்து ‘குட்பை’ என்பாள். தணிகைமலை சார் அதற்கு ‘நான் போறேன்’ என்று எழுதியிருந்தார். ஏராவுக்குப் பேசின பெண்ணும் அப்படியே படித்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

“என்னம்மா இப்ப?” என்றார் எட்வின் சார்.

“வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாராவது போறேன்னு சொல்லுவாங்களா சார்? போயிட்டு வரேன்னு சொல்லணும்.”

“அவ திரும்பி வரப்போறதில்லையே குணா. படத்துலயே வரமாட்டா.”

“வராட்டியும் சொல்லணும்.”

“வாய் ஒத்துப்போகாது. ‘குட்பை’ சின்ன வாய்.”

“அவ முகம் திரும்பின பிறகு அந்த வசனத்தப் போடுங்க. முதுகைக் காட்டுற ஷாட்டு ஒண்ணு இருக்குல்ல?”

நான் அழுதுகொண்டே சொன்னேன் போலிருக்கிறது. எட்வின் சார் அந்த ஷாட்டைத் தேடி ரீலைப் பின்னால் ஓட்டினார். எங்கள் வீட்டு விஷயம் அங்கே எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம், லைட் தூக்குகிற வேலை. தினமும் படியில் இறங்கும்போது “வரேன் குணா” என்பார். ஒருநாள் சௌமியா மடியில் பால் கக்கிவிட்டாள், நான் அவளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அவர் அவசரத்தில் “நான் போறேன்” என்றார். எனக்குக் காதில் விழுந்தது. திருத்துவதற்குள் படி இறங்கிவிட்டார். மத்தியானம் வந்து சொன்னார்கள், சிக்னலில் தண்ணி லாரி. அதனால் எனக்குத் தெரியும். உனக்கு அது சும்மா ஒரு வார்த்தை. வார்த்தைதான் கண்ணு எல்லாம்.

ஆக, படத்தில் ஏரா முதுகைக் காட்டிக்கொண்டு “போயிட்டு வரேன்” என்றாள். நான், கதவு, “போயிட்டு வா” என்றேன். கதவு திறந்தது. சிவப்பாகத் தூசி உள்ளே வந்தது. அவள் போனாள்.

தியேட்டரில் முதல் நாள் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். குழந்தை மடியில். கதவு பேச ஆரம்பித்ததும் பின்னால் ஒருத்தன் “எங்க அம்மா மாதிரியே பேசுதுடா” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில்தான் ரகளை. வரேன் என்று சொல்லிவிட்டுப் போனாளே, வருவாள் வருவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். திரையில் காலி வாசலைத்தான் காட்டினான். “எங்கடா அவ? வரேன்னு சொன்னாள்ல?” என்று சீட்டை உதைத்தார்கள். அவள் வெளியே போன பிறகு இன்னும் கொஞ்சம் படம் இருந்ததாம். ரகளைக்குப் பயந்து தியேட்டர்காரர்கள் அந்தக் கடைசி ரீலை மறுநாளிலிருந்து போடவே இல்லை. முதல் நாளும் பாதியிலேயே விளக்கைப் போட்டுவிட்டார்கள். நான் பார்த்தது அந்தக் காலி வாசல் வரைக்கும்தான். படம் ஒரே வாரத்தில் பெட்டிக்குள் போய்விட்டது. என்னால்தான் ஊத்திக்கொண்டது என்று சிலர் சொன்னார்கள். ஜனங்களுக்குக் காத்திருக்கத் தெரியவில்லை, அதற்கு நான் என்ன செய்வது?

தெரியும், தெரியும். அந்தக் கடைசி ரீலில் என்ன இருக்கிறது என்று உன் வீடியோவில் காட்டினாய். அவள் மேலே ஏறிப் போகிறாள், காற்றே இல்லை, புல் முளைத்திருக்கிறது, கதவு இத்தனை வருஷம் பொய் சொல்லியிருக்கிறது. அந்த இடம் வந்தால் நான் விரலால் தள்ளிவிடுவேன். சௌமியா மட்டும் திரும்பத் திரும்ப அதையே போடச் சொல்வாள். இங்கிலீஷ்காரன் எடுத்த படத்தில் புல் முளைத்திருக்கலாம். நான் பேசின படத்தில் காற்று நிற்கவில்லை. உள்ளே வந்த தூசியை நான் பார்த்தேனே. அந்தக் கதவு செய்த ஒரே தப்பு கடைசியில் திறந்ததுதான்.

எதற்குத் திரும்பத் திரும்ப அவளைப் பற்றியே கேட்கிறாய்? பேட்டி எனக்கா, அவளுக்கா? சரி, சொல்கிறேன். நீயும் ஒரு பெண், உன் அம்மா எந்த நிலையில் இருக்கிறாளோ, உனக்கும் புரியட்டும்.

புனேயில் வேலை கிடைத்தது அவளுக்கு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடி கழியட்டும் என்றேன். ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போதே சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு அதோ, நீ வந்த அந்த வாசலில் வந்து நின்றாள்.

“போறேம்மா.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்!

“போறேன்னு சொல்லாதடி. போயிட்டு வரேன்னு சொல்லு.”

“வரமாட்டேம்மா. வரமாட்டேன்னு தெரிஞ்சே வரேன்னு பொய் சொல்லச் சொல்றியா?”

“சொல்லிட்டுப் போயேன். உனக்கு வாயா வலிக்குது?”

“நீ சொல்லச் சொன்னத எல்லாம் சொல்லித்தாம்மா இவ்வளவு நாள் இருந்தேன். இத மட்டும் சொல்லமாட்டேன்.”

அப்படியே அவள் அப்பன் பிடிவாதம். நான் சத்தம் போடவில்லை. அழவில்லை. “சார்ஜரை உள்ள மறந்துட்டியே” என்றேன். பெட்டியை விட்டுவிட்டு எடுக்க ஓடினாள். நான் அந்த அறையை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு எப்படித்தான் தோன்றியதோ, சாமிதான் காட்டியது.

என்ன கண்ணு அப்படிப் பார்க்கிறாய்? பூட்டு ஒன்றும் நான் வேண்டுமென்று போடவில்லை. தாழ்ப்பாள் ஆடிக்கொண்டே இருந்தது, அதனால் ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். அந்த அறையிலேயே பாத்ரூம் இருக்கிறது. மூன்று வேளையும் சூடாகத் தட்டு போகிறது. கத்தரிக்காய் அவளுக்குப் பிடிக்காது, வீட்டில் கத்தரிக்காய் வாங்குவதையே விட்டுவிட்டேன். நான் என்ன கொடுமைக்காரியா? ஒரு வார்த்தை சொல்லட்டும். மனசார, போயிட்டு வரேன் என்று சொல்லட்டும். அந்த நிமிஷமே திறந்துவிடுகிறேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள். இப்போது தீபாவளியே வரப்போகிறது. யார் பிடிவாதக்காரி, நீயே சொல்.

புனேக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவள் ஃபோன் என்னிடம்தான் இருக்கிறது. நானே பேசிவிட்டேன். அவள் குரல் எனக்கு வரும். பெற்றவளுக்கு வராதா? கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி வைத்துக்கொண்டு, டைஃபாய்டு, வேலைக்கு வர முடியாது, ஸாரி என்றேன். “டேக் கேர் சௌமியா” என்று வைத்துவிட்டார்கள். ஒரே டேக். அவள் சிநேகிதி ஒருத்தி கூப்பிட்டாள், அவளிடமும் பேசினேன். அது கொஞ்சம் கஷ்டம், ஏதோ பழைய விஷயமெல்லாம் கேட்டாள், தூக்கமா வருதுடி என்று சொல்லிச் சமாளித்தேன். எட்வின் சார் இருந்திருந்தால் கை தட்டியிருப்பார்.

அவளுக்குப் பொழுது போக வேண்டாமா? சாயங்காலம் நான் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபோனில் ஏதாவது காட்டுவேன். என் கையில்தான் ஃபோன் இருக்கும். அப்படித்தான் உன் வீடியோவும் வந்தது. அந்தக் குரல் யாருடையது என்று நீ கேட்டதும், “அம்மா, நான் எழுதட்டுமா? நீதான்னு சொல்லட்டுமா?” என்றாள். எத்தனையோ நாள் கழித்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசினாள். சரி எழுது, ஆனால் நான் படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவேன் என்றேன். எழுதினாள். எனக்கு மனப்பாடம். ‘அந்தக் கதவுக்குக் குரல் கொடுத்தது எங்க அம்மா குணவதி. இப்பவும் அதே வேலையத்தான் செய்றாங்க. அந்தக் கதவு இன்னும் திறக்கவே இல்ல. சீக்கிரம் வந்து கேட்டுப் பாருங்க.’ எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் பார். படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. கீழே விலாசத்தை நானே போட்டு, நானே அனுப்பினேன். அவள் மனசுக்குள் என் மேல் பெருமை இருக்கிறது. வாய்தான் வராது.

நீ கூட மறுநாளே பதில் போட்டுவிட்டாய். ‘கண்டிப்பா வரேன்’ என்று. அந்த ‘வரேன்’ எனக்குப் பிடித்திருந்தது. சொன்ன மாதிரி வந்தாய்.

எழுந்திருக்காதே. காபி போடுகிறேன் என்று சொன்னேனா இல்லையா? சொல்லவில்லையா? போடுகிறேன். உட்கார்.

அவளைப் பார்க்க வேண்டுமா? எதற்கு? தலைகூட வாரியிருக்க மாட்டாள்.

சாவியா? இடுப்பில் இருக்கிறது. அது எதற்கு உனக்கு?

உஸ். இரு. ஏதோ சொல்கிறாள். ஃபேனை நிறுத்து. நிறுத்து கண்ணு, அந்த ஸ்விட்சுதான், நடுவில் இருப்பது.

“என்னடி?”

…

கேட்டாயா? நீயும் கேட்டாய் இல்லையா? “அம்மா, போயிட்டு வரேன்” என்கிறாள். ஆடியிலிருந்து நான் தவம் கிடந்த வார்த்தை. சாவி எங்கே, இதோ, இடுப்பிலேயேதான் இருக்கிறது.

இரு.

நீ சின்னப் பெண், உனக்குத் தெரியாது. நான் மைக்குக்கு முன்னால் நின்றவள். ‘போயிட்டு’ வரைக்கும் சரியாக வந்தது. ‘வரேன்’ வரும்போது கீழே விழுந்துவிட்டது. மூச்சே இல்லை. வாயில்தான் வந்தது, வயிற்றிலிருந்து வரவில்லை. நீ இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிந்து, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி சொல்கிறாள். இதைப் போய் எட்வின் சார் ஓகே பண்ணுவாரா? சத்தியமாகப் பண்ண மாட்டார்.

“கண்ணு, நல்லாத்தான் சொன்ன. ஆனா பொய் தெரியுது. ஒன் மோர். முகத்தத் துடைச்சுக்கிட்டு, மறுபடி சொல்லு. அம்மா இங்கதான் நிக்கறேன்.”

அழுகிறாள். அழுதால் தொண்டை கட்டிவிடும், இன்றைக்கு அவ்வளவுதான். அவசரம் என்ன? நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நீ எதற்கு அழுகிறாய்? கதவை ஆட்டாதே ரிஸ்வானா. மேல் தாழ்ப்பாளும் போட்டிருக்கிறேன் என்று முதலிலேயே சொன்னேன், இறுக்கம், உனக்கு வராது. உட்கார். சாப்பிட்டாயா நீ? முகமெல்லாம் வாடிப்போயிருக்கிறது. வெளியே வெயில் எப்படி அடிக்கிறது பார், இதில் எங்கே போவாய்?

உன் ஃபோன் அடிக்கிறது. நான் பார்க்கிறேன், நீ இரு. செல்வி மேடம் என்று வருகிறது. கீழே காரில் இருக்கிற அம்மாதானே? நேரமாகிவிட்டது, பயப்படுகிறார்கள் போலிருக்கிறது. பாவம். பயப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

நானே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரம் நீ குறுக்கே குறுக்கே பேசினதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். கொஞ்சம் மூக்கில் பேசுகிறாய். ‘ர’ அழுத்தமாக விழுகிறது. கடைசி வார்த்தையை முடிக்காமல் விட்டுவிடுகிறாய். அவ்வளவுதான், கஷ்டமே இல்லை.

சத்தம் போடாதே கண்ணு. ரெக்கார்டிங்.

“ஹலோ, மேடம்? ஆமா, ரிஸ்வானாதான்…”